மூட்டு விட்ட கட்டில், சுவருக்குப் போன கதையும் செய்முறையும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் ஏறக்குறைய 48 செ.மீ. மழை. முத்தியால்பேட்டையில் என் மாமியார் வீட்டு நடையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால், மாமனார் காலத்துத் தேக்குக் கட்டில் மூட்டு விட்டுக் கிடந்தது. கண்ணாடி வைத்த மர அலமாரியின் அடிப்பலகை கழன்றிருந்தது. நீளக் கை வைத்த ஈசி சேரின் பின்கால் ஒடிந்திருந்தது. மூன்று இழுப்பறை உள்ள பச்சை மேசை ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. நாங்கள் பத்து வருடத்துக்கு முன் வாங்கிய கம்ப்யூட்டர் மேசை மட்டும் தண்ணீரில் போட்ட ரஸ்க் மாதிரி ஊதிவிட்டது.

பழைய சாமான் வாங்குகிறவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு 1,200 ரூபாய் தருகிறேன் என்றார். ஜனவரியில் போகிக்கு முந்தின நாள் தெருப் பிள்ளைகள் வந்து, "ஆன்ட்டி, அந்தக் கட்டையெல்லாம் எரிக்கக் குடுங்க" என்று கேட்டார்கள். இரண்டு பேருக்கும் இல்லை என்றேன். பெயின்ட்டும் வார்னிஷும் பூசிய மரத்தையும், பசை கலந்து அழுத்திய பலகையையும் எரித்தால் வருகிற புகை யாருக்குமே ஆகாது. அதைவிட, எனக்கு அந்தத் தேக்கை விட மனசு வரவில்லை.

அந்தக் கோடை முழுக்க அவற்றோடுதான் இருந்தேன். வீட்டுக்குள் உடைந்த நாற்காலியோ கட்டிலோ வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களுக்காக, நான் செய்ததைச் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். முதலில் ஒரு விஷயம். மரச்சாமான் உடைவது பெரும்பாலும் மூட்டில். பலகை உடைவதில்லை. எங்கள் தெரு முனையில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி கட்டிலைப் பார்த்ததும் சொன்னது இதுதான்: "கட்டில்தாம்மா போச்சு, மரம் அப்படியே இருக்கு." ஆகவே ஒடிந்த காலைப் பார்த்துக் கவலைப்படுவதை விட்டு, ஒடியாமல் இருப்பது எது என்று பாருங்கள். அடுத்ததாக, வீட்டில் எந்தச் சுவர், எந்த மூலை காலியாக இருக்கிறது, அங்கே என்ன தேவை என்று பாருங்கள். இடம் தெரியாமல் செய்தால், ஒரு உடைந்த சாமான் போய் இன்னொரு உபயோகமில்லாத சாமான் வந்து நிற்கும்.

காயவைப்பது

நனைந்த மரத்தில் அவசரப்பட்டால் எல்லாமே கெடும். வெள்ளத் தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கும். அதனால் கையுறை போட்டுக்கொண்டு, நல்ல தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கலந்து, மெல்லிய பிரஷ்ஷால் சேற்றைத் தேய்த்து எடுத்துத் துடைத்தேன். முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் செங்கல் அடுக்கி, அதன் மேல் வைத்தேன். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு அங்குலக் குச்சிகள். காற்று எல்லாப் பக்கமும் போக வேண்டும். மின்விசிறி பகலில் ஓடிக்கொண்டே இருந்தது.

வெயிலில் மட்டும் வைக்காதீர்கள். மேசையின் மேல்பலகையை நான் மொட்டை மாடியில் வைத்தேன். இரண்டாம் நாள் மாலை போய்ப் பார்த்தால் ஒரு சாண் நீளத்துக்கு வெடித்திருந்தது. வெளித்தோல் காய்ந்து சுருங்குகிறது, உள்ளே இன்னும் ஈரம் ஊறி அப்படியே இருக்கிறது, இரண்டும் இழுத்துக்கொள்வதில் பலகை பிளந்துவிடுகிறது. தேக்கு கொஞ்சம் தாங்கும். மற்ற மரங்கள் தாங்காது.

இழுப்பறை ஊதி மாட்டிக்கொண்டிருந்தால் பிடித்து இழுக்க வேண்டாம். முன்பலகை கையோடு வந்துவிடும். பின்பக்கப் பலகையைக் கழற்றிக் காற்று போகவிட்டு, இரண்டு மூன்று வாரம் பொறுத்தால் தானாகவே இளகும்.

காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நான் செய்தது இது: ஊருக்குப் போகும்போது பெட்டியைத் தூக்கி எடை பார்க்கும் சிறிய கொக்கித் தராசு ஒன்று வீட்டில் இருந்தது. ஞாயிறுதோறும் ஒவ்வொரு துண்டையும் அதில் மாட்டி, எடையைச் சுண்ணக்கட்டியால் அதன் மேலேயே எழுதினேன். ஒரு இழுப்பறை முதல் வாரம் 3.9 கிலோ. அப்புறம் 3.6, 3.4, 3.2, 3.1. அதற்கு மேல் இரண்டு வாரம் 3.1-லேயே நின்றது. எடை குறைவது நின்றுவிட்டால் மரம் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். இழுப்பறைகளுக்கு ஏழு வாரம் ஆனது. கட்டில் கால்கள் கனமானவை, மார்ச் கடைசி வரை போனது. அந்த நாட்களில் அவசரமாகப் பூசியிருந்தால் ஈரத்தை உள்ளே வைத்து மூடியிருப்பேன்.

எதை வைத்துக்கொள்வது

கூரான ஸ்க்ரூட்ரைவரை எடுத்து, கால் நுனி, மூட்டு ஓரம், சுவரை ஒட்டி நின்ற பக்கம் என்று வரிசையாகக் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் நுனி நிற்கும். உளுத்த மரத்தில் கேக்கில் இறங்குவது போல இறங்கும். விரல் முட்டியால் தட்டினால் சத்தத்திலும் தெரியும். திடமான மரம் 'டக்' என்று வெட்டிக் கேட்கும். அரித்த மரம் பொள்ளலாகக் கேட்கும்.

கீழே கொட்டியிருக்கும் தூளையும் பாருங்கள். கோலமாவு மாதிரி வழவழப்பான பொடி என்றால் மரத்தைத் துளைக்கும் வண்டு. அது பெரும்பாலும் மரத்தின் வெளிப்பக்க வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும், தேக்கின் உள்வைரத்தை அதிகம் தொடாது. கசகசா மாதிரி தனித்தனி மணியாக இருந்தால் அது மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் கரையான். அந்தத் துண்டை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். மண் கோடு போட்டு ஏறியிருந்தால் தரைக்கரையான். மரத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் தரையையும் சுவரையும் கவனிக்க வேண்டும்.

வண்டு அரித்த துண்டு கொஞ்சம்தான், காப்பாற்றலாம் என்றால் வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் ஆசிடும் போதும். ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் வெங்காரம், 40 கிராம் போரிக் ஆசிட் கரைத்து, பழைய வார்னிஷை எடுத்த வெறும் மரத்தில் பிரஷ்ஷால் இரண்டு மூன்று தடவை ஊறும்படி பூசுங்கள். வார்னிஷ் மேல் பூசினால் உள்ளே இறங்காது. ஈரம் பட்டால் மறுபடி கரைந்து வெளியே வந்துவிடும் என்பதால் இது வீட்டுக்குள் இருக்கும் சாமானுக்கு மட்டும். கையுறை அவசியம். சமையலுக்கு வைத்திருக்கும் பாத்திரத்தில் கலக்க வேண்டாம்.

ஊதிப்போன கம்ப்யூட்டர் மேசையை நான் வைத்துக்கொள்ளவில்லை. மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பலகை ஒரு தடவை ஊதினால் பழைய அளவுக்குத் திரும்பாது, ஸ்க்ரூவும் பிடிக்காது. அதன் இரும்புச் சக்கரங்களையும் கைப்பிடிகளையும் மட்டும் கழற்றிக்கொண்டேன்.

பிரிப்பது

பிரிக்கும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் சுண்ணக்கட்டியால் எண் போடுங்கள். அறுபது வருடக் கட்டிலில் ஃபெவிகால் கிடையாது, வச்சிரம்தான் போட்டிருப்பார்கள். மாட்டுத் தோல், எலும்பு காய்ச்சிய அந்தப் பசைக்குச் சூடும் ஈரமும் பட்டால் இளகிவிடும். கெட்டியான துணியை வெந்நீரில் நனைத்து மூட்டில் சுற்றி, அதன் மேல் இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் விட்டு விட்டு வைத்தேன். பத்து நிமிடத்தில் விட்டுக்கொடுத்தது. பிறகு ஒரு கட்டையை அணைத்து வைத்து, கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால், மெதுவாகத் தட்டினால் கழுந்து (துளைக்குள் செருகியிருக்கும் மர நாக்கு) துளையிலிருந்து முழுசாக வெளியே வந்துவிடும். இரும்புச் சுத்தியலால் நேராக அடித்தால் மரத்தில் பள்ளம் விழும்.

நம் ஊர் உப்புக்காற்றில் பழைய இரும்பு ஸ்க்ரூ துருவேறி மரத்தோடு ஒட்டிப்போயிருக்கும். சால்டரிங் அயர்ன் நுனியை ஸ்க்ரூ தலையில் இரண்டு நிமிடம் வைத்துச் சூடாக்கி, ஆறிய பிறகு திருகுங்கள். சூட்டில் விரிந்து சுருங்கும்போது பிடி விட்டுவிடும். எங்கள் கட்டிலில் இருந்த பன்னிரண்டில் பத்து இப்படித்தான் வந்தன. மீதி இரண்டின் தலையைத் துளைத்து எடுக்க வேண்டியதாயிற்று. திரும்பப் பூட்டும்போது பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போடுங்கள். கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் வீட்டில் சாதா இரும்பு இரண்டு மழைக்காலம் தாங்காது, தேக்கில் கறுப்புக் கறையும் ஏற்றிவிடும்.

பச்சை மேசையைப் பற்றி இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். பழைய எனாமல் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பர் 1-ந்தேதிதான். அதற்கு முன் பூசிய பெயின்ட்டைக் காய்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூசி மூச்சோடு உள்ளே போகும், தரையில் படியும், தவழும் குழந்தையின் கைக்குப் போகும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது. நான் மேசையில் பச்சையை எடுக்கவே இல்லை. உரிந்து நின்ற செதில்களை மட்டும் தண்ணீர் தெளித்து, நனைந்த நிலையில் சுரண்டி, நியூஸ் பேப்பரில் வாரி, பையில் கட்டினேன். நல்ல மாஸ்க் போட்டிருந்தேன். மேலே நிறமில்லாத வார்னிஷ் இரண்டு கோட் கொடுத்து அடைத்தேன். அந்தப் பழைய பச்சையும் எனக்குப் பிடிக்கும். பெயின்ட் அடித்த பழைய மரத்தில் குழந்தைகள் வாயில் வைக்கும் பொருளும், சாப்பாடு வைக்கும் தட்டும் செய்ய வேண்டாம்.

கட்டில் தலைப்பலகை

இதுதான் நான் அதிகம் நேரம் செலவழித்தது. தலைப்பலகை 4 அடி 2 அங்குல அகலம். இரண்டு பக்கமும் கடைசல் கால்கள், நடுவில் ஏழு கடைசல் குச்சிகள், உச்சியில் தாமரை செதுக்கிய பலகை. கால்களின் அடி மட்டும் பல வருடம் தரை துடைத்த தண்ணீரிலும், கடைசியில் இந்த வெள்ளத்திலும் ஊறி உளுத்திருந்தது. எங்கள் நடையில், வாசலைத் தாண்டியதும் இடதுபக்கச் சுவர் காலி. சாவி, குடை, பை, செருப்பு போடப்போகும்போது கையிலிருப்பதை வைக்க ஒரு தட்டு, இவ்வளவும் அங்கே தேவை. தலைப்பலகையின் அகலமும் அந்தச் சுவருக்குச் சரியாக இருந்தது.

கால்களில் ஸ்க்ரூட்ரைவர் எங்கே இறங்குவது நிற்கிறதோ, அதற்கு இரண்டு அங்குலம் மேலே பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு அறுத்தேன். உருண்டையான காலில் நேர்க்கோடு வராது. ஒரு தடித்த தாளைக் காலைச் சுற்றி ஓரம் பொருந்த வைத்து, அதன் விளிம்பில் கோடு போட்டால் நேராக வரும். அறுத்த முனைகளில் மூன்று முறை பாலிஷ் ஊற விட்டேன். மரம் ஈரத்தை அதிகம் குடிப்பது அறுத்த முனையில்தான்.

தட்டுக்கு வெளியே மரம் வாங்கவில்லை. அதே கட்டிலின் பக்கச் சட்டம் 5 அங்குல அகலம், ஒரு அங்குலக் கனம். அதைத் தலைப்பலகையின் அகலத்துக்கு அறுத்து, ஆசாரியிடம் இழைப்புளி இரண்டு ஓட்டு ஓட்டித் தரச் சொன்னேன். மேல் அழுக்குப் போனதும் தேன் நிறம் வந்தது, தேக்கு வாசனையும் வந்தது. இவ்வளவு வருடத்துக்குப் பிறகும்! தட்டின் பின்விளிம்பைத் தலைப்பலகையின் கீழ்ச் சட்டத்தோடு ஒட்டி வைத்து, சட்டத்தின் பின்னாலிருந்து 2 அங்குல ஸ்க்ரூ ஐந்து. முதலில் 3 மி.மீ. துளை போட்டுக்கொள்ளுங்கள். துளை போடாமல் முறுக்கினால் பழைய தேக்கு பிளக்கும், பித்தளை ஸ்க்ரூ பாதியில் ஒடியும். ஒட்டும் இடத்தில் பழைய வச்சிரமோ வார்னிஷோ ஒரு பொட்டு இருந்தாலும் ஃபெவிகால் பிடிக்காது. வெறும் மரம் தெரியும்வரை சுரண்டிவிடுங்கள். கிளாம்ப் இல்லையென்றால் கொச்சக்கயிறை இரண்டு சுற்றுக் கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கிவிடுங்கள். இறுக்கம் நன்றாகவே கிடைக்கும். ஒரு நாள் முழுக்க அப்படியே விட வேண்டும்.

கால்களில் முன்பக்கம், பக்கச் சட்டம் வந்து பொருந்திய துளைகள் இருந்தன. பட்டி வைத்து அடைக்கத்தான் நினைத்தேன். பிறகு, ஒடிந்த கால்பலகையிலிருந்து ஒரு கடைசல் குச்சியை எடுத்து இரண்டாக அறுத்து, துளைக்கு ஏற்ற மரக்கட்டையில் பொருத்தி, கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்வாக முளை அடித்தேன். ஒன்றில் குடை, ஒன்றில் மார்க்கெட் பை. தட்டின் அடியில் சாவிக்கு ஆறு பித்தளைக் கொக்கி. அவற்றை ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் போடும் சண்டே மார்க்கெட்டில் பழைய சாமான் குவியலில் பொறுக்கினேன். காலை சீக்கிரம் போனால் நல்லது கிடைக்கும்.

சுவரில் மாட்டுவதற்குத் தனியாக யோசிக்க வேண்டும். எங்கள் வீடு செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். பழைய சுண்ணாம்புப் பூச்சில் போட்ட பிளக் ஒரு மாதத்தில் பொலபொலவென்று உதிர்ந்து வந்துவிடும். பூச்சையும் தாண்டி, செங்கல்லின் நடுவில் போய் நிற்க வேண்டும். இரண்டு செங்கல்லுக்கு நடுவிலுள்ள காரையில் போடக் கூடாது. டிரில்லை அடிக்கும் நிலையில் வைக்காமல் சுற்றும் நிலையில் மட்டும் வைத்தால் பழைய செங்கல் உடையாது. 10 மி.மீ. பிளக், 3 அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ, நாலு இடம்.

தலைப்பலகையை நேராகச் சுவரில் முறுக்கவும் இல்லை. மூன்றடி நீளச் சட்டம் ஒன்றை மர அறுவை மில்லில் நீளவாக்கில் 45 டிகிரி சாய்வாக அறுத்து வாங்கினேன். ஒரு பாதியைச் சுவரில், கூர்விளிம்பு மேலே வெளிப்பக்கமாக வரும்படி பூட்ட வேண்டும். இன்னொரு பாதியைத் தலைப்பலகையின் பின்னால், கூர்விளிம்பு கீழே சுவர்ப்பக்கமாக வரும்படி பூட்ட வேண்டும். தூக்கி வைத்தால் ஒன்றில் ஒன்று கவ்விக்கொள்ளும். கனம் ஏற ஏற இன்னும் சுவரோடு ஒட்டும். கீழ்ப்பக்கம் அதே கனத்தில் ஒரு சிறு கட்டை வைத்தால் நேராக நிற்கும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, சுவருக்கும் மரத்துக்கும் நடுவில் காற்றுப் போக இடம் இருப்பது. மழைக்காலத்தில் ஓதம் ஏறும் நம் ஊர்ச் சுவர்களில் மரத்தை ஒட்டி வைத்தால் பின்பக்கம் பூஞ்சை பிடித்துவிடும். வேண்டும்போது தூக்கி எடுத்துத் துடைக்கவும் முடிகிறது.

அலமாரிக் கதவு

அலமாரியின் இடதுகதவில் ஆளுயரக் கண்ணாடி. கழற்றும்போது கதவின் உள்பக்கம் பென்சில் எழுத்து தெரிந்தது. மாமனார் கை. என் கணவர், நாத்தனார், கொழுந்தனார் மூன்று பேரின் பிறந்த தேதி, நட்சத்திரம், பிறந்த நேரம். "ரோகிணி, இரவு 2.10" என்று என் கணவருடையது. அத்தை அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டிருந்த நான் கீழே வைத்துவிட்டேன்.

ஆகவே கதவைத் திருப்பிப் போட முடிவு செய்தேன். எழுத்து உள்ள உள்பக்கம் முன்னால் வரும்படி, கண்ணாடியை அதன் சட்டத்துக்குள் மறுபுறமாக வைத்தேன். எழுத்து கீழ்ப்பலகையில் இருந்ததால் கண்ணாடி மறைக்கவில்லை. பென்சில் எழுத்தின் மேல் பாலிஷை பிரஷ்ஷால் தேய்க்காமல், பஞ்சு உருண்டையால் ஒற்றி ஒற்றி மெல்லிய இரண்டு கோட் கொடுத்தேன். பாலிஷில் இருக்கும் ஸ்பிரிட்டில் பென்சில் கரையாது, ஆனால் தேய்த்தால் பரவும். பேனா மையாக இருந்தால் பாலிஷ் பட்டதும் ஓடிவிடும், அதற்கு மேலே கண்ணாடித் தகடு வைத்து மூடுவதுதான் வழி. உங்கள் வீட்டுச் சாமானைத் தேய்க்கத் தொடங்கும் முன், தயவு செய்து உள்பக்கம், அடிப்பக்கம், இழுப்பறையின் பின்பக்கம் எல்லாம் ஒரு தடவை பாருங்கள். நம் வீடுகளில் பால் கணக்கு முதல் பிள்ளைகளின் உயரம் வரை மரத்தில்தான் எழுதிவைத்திருப்பார்கள்.

கண்ணாடிக்குச் சில விஷயம். 4 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்குப் பத்து கிலோ கனக்கும். எங்களுடையது 5 அடிக்கு 16 அங்குலம், ஏறக்குறைய 6 கிலோ. கதவுச் சட்டத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் மாட்டும் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சட்டத்துக்குள் கண்ணாடியை இறுக்கி அடைக்காமல் நாலு பக்கமும் 2 மி.மீ. விடுங்கள். மழையில் மரம் விரியும். பின்னால் சிலிக்கான் பசை போடுவதென்றால், வினிகர் வாடை வரும் வகையை வாங்காதீர்கள், அது கண்ணாடியின் பின்னால் பூசியிருக்கும் ரசத்தை அரிக்கும். கடையில் 'நியூட்ரல்' என்று கேட்டு வாங்குங்கள். ஓரத்தில் ஏற்கெனவே ஏறியிருக்கும் கறுப்புப் புள்ளிகள் போகாது. நான் அப்படியே விட்டுவிட்டேன்.

ஈசி சேர்

பின்கால் ஒடிந்த இடம் நாராகக் கிழிந்திருந்தது. அதை உட்காரும் அளவுக்குப் பலமாகச் சேர்க்க முடியாது என்று ஆசாரியே சொல்லிவிட்டார். ஆனால் முதுகுப்பக்கம் பிரம்புப் பின்னல் ஒரு இழைகூட அறுபடவில்லை, தொய்ந்து மட்டும் போயிருந்தது. தொய்ந்த பிரம்புக்கு ஒரு எளிய வழி உண்டு. சட்டத்தைக் கவிழ்த்து, பின்னலின் அடிப்பக்கத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் அரைமணி நேரம் ஈரமாகவே வைத்து, அப்புறம் நிழலில் ஒரு இரவு காயவிடுங்கள். பிரம்பு சுருங்கி முரசுத்தோல் மாதிரி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மேல்பக்கத்தில் மெருகுத்தோல் இருப்பதால் தண்ணீர் உள்ளே போகாது. அதனால்தான் அடிப்பக்கம். இழை அறுந்திருந்தால் இது உதவாது, பின்னல்காரரிடம்தான் போக வேண்டும்.

அந்தச் சட்டத்தை முதுகோடு தனியாக அறுத்து, கூடத்தில் வைஃபை பெட்டியும் அதன் ஒயர்களும் தொங்கும் இடத்துக்கு முன்னால், சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி நிற்கும்படி மாட்டினேன். பிரம்புக்குள் காற்றும் போகும், சிக்னலும் போகும், பார்வைக்கு ஒயர் தெரியாது. கரன்ட் மீட்டர் பெட்டியையோ மெயின் சுவிட்சையோ மட்டும் மரத்தாலோ பிரம்பாலோ மூட வேண்டாம்.

கைகள் இரண்டும் மூன்றே முக்காலடி நீளத் தேக்கு. முன்விளிம்பில் அரை அங்குலச் சட்டம் ஒட்டினால் புகைப்படங்கள் சாய்த்து வைக்கும் தட்டாகிவிட்டது. கைவைத்து வைத்து மழுங்கிய முனையை அப்படியே விட்டேன்.

இழுப்பறைகளில் சொல்ல அதிகமில்லை. பின்பக்கம் இரண்டு ஸ்க்ரூ போட்டுச் சுவரில் மாட்டினால் பெட்டித் தட்டு. செடி வைப்பதென்றால் வில்லியனூர் மண்தொட்டி அழகாகப் பொருந்தும். அடியில் தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் தட்டு கட்டாயம். நவராத்திரிக்கு எங்கள் வீட்டில் மூன்றையும் இறக்கிக் கவிழ்த்து, கொலுவில் ஓரப்படிகளாக வைத்தோம். கடைசல் காலில் விளக்கு செய்ய விரும்பினால் மரவேலையை நீங்கள் செய்யுங்கள், ஒயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். குண்டு பல்பு சூடேறும், எல்இடி மட்டும் போடுங்கள்.

பாலிஷ்

உப்புத்தாள் 80-லிருந்து தொடங்கி 120, 180 என்று ஏறிப் போங்கள், எப்போதும் மரத்தின் ரேகை ஓடும் திசையில். நான் போட்டது அரக்குப் பாலிஷ். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் 150 கிராம் அரக்குச் செதில் போட்டு ஒரு இரவு ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டிக்கொண்டேன். பஞ்சைத் துணியில் உருட்டி, நனைத்துப் பிழிந்து, நீளமாக ஒரே இழுப்பு. போன இடத்திலேயே திரும்பத் திரும்பத் தேய்த்தால் முதல் கோட் கரைந்து திட்டுத் திட்டாகும். மெல்லியதாக நாலு கோட், நடுநடுவே 320 தாளில் ஒரு தடவல். காற்றோட்டமான இடம், பக்கத்தில் அடுப்போ விளக்கோ இருக்கக் கூடாது.

நாள் பார்த்துச் செய்யுங்கள். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அரக்கு வெளுத்துப் பால் படிந்த மாதிரி ஆகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் தொடவே வேண்டாம். மாசி முதல் சித்திரை வரை, காலை பத்துக்கு மேல் மூன்றுக்குள் எனக்கு நன்றாக வந்தது. சூடான காபி டம்ளர் வைக்கும் இடத்துக்கு அரக்கு ஒத்துவராது, வெள்ளை வளையம் விழும். அங்கே வார்னிஷ் போடுங்கள். ஆளிவிதை எண்ணெய் பூசிப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

இந்த வருடமும் மழைக்கு முன்னால், புரட்டாசி கடைசியில் எல்லாவற்றையும் சுவரிலிருந்து இறக்கிப் பின்பக்கம் துடைத்து, கீழே பொடி கொட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு முளை மட்டும் தளர்ந்திருந்தது, இறுக்கினேன். அத்தை வெளியே கிளம்பும்போது தாமரைப் பலகையை ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் சாவியை எடுக்கிறார். கட்டிலின் கால்பலகை மீதி இருக்கிறது, அதில் ஆறு குச்சிகள் நன்றாகவே இருக்கின்றன. அதற்கு இன்னும் வீட்டில் இடம் கண்டுபிடிக்கவில்லை. அதுவரை பரணில், செங்கல் மேல்.